இரண்டாவது வடிகட்டியில் தெரிந்த பச்சை: வாசகர் கேள்வி–பதில்

அறிவியலாளர் பெயர், எதிரே ஒற்றை வரியில் அவர் கண்டுபிடிப்பு. இப்படித்தான் நாம் எல்லோரும் படித்துவந்தோம். இந்த முறை வந்த கேள்விகளில் பல, அந்த ஒற்றை வரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கின்றன. அவற்றுக்கே இடம் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு வழிகாட்டி நூலில் 'ராமன் – கடலின் நீல நிறத்துக்குக் காரணம்' என்று இருக்கிறது. இன்னொன்றில் 'ஒளிச்சிதறல்' என்று போட்டிருக்கிறார்கள். 1928 பிப்ரவரி 28 அன்று அவர் உண்மையில் எதைக் கண்டார்? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை)

இரண்டுமே பாதி உண்மைதான். கடல் விஷயம் 1921ஐச் சேர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' கப்பலில் திரும்பும்போது ராமன் ஒரு நிக்கல் பட்டகம் வழியாகக் கடலைப் பார்த்தார். நிக்கல் என்பது அதை உருவாக்கியவரின் பெயர். உலோகம் அல்ல, பட்டகம் கால்சைட் படிகத்தால் ஆனது. நீர்ப்பரப்பில் ஏறக்குறைய 53 டிகிரி கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். பட்டகத்தைச் சரியான திசைக்குத் திருப்பினால் அந்த ஒளி மறைந்துவிடும். பிரதிபலிப்பு மறைந்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, முன்பைவிட அடர்ந்தும் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். நீரே சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் இந்த நீலத்துக்குப் பெரிய காரணம் என்பது இன்று தெரியும்.

ஒளி சிதறும் என்பதும் 1928க்கு முன்பே தெரிந்ததுதான். அதுவரை தெரிந்த சிதறலில், உள்ளே போன நிறம் எதுவோ அதே நிறம்தான் வெளியே வரும். கோடி ஒளித்துகள்களில் ஏறக்குறைய ஒன்று மட்டும் நிறம் மாறி வருகிறது என்பதே ராமன் கண்டது. இவ்வளவு மங்கலான ஒன்றை வெறும் கண்ணால் பிடிப்பது எப்படி? கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் செய்த ஏற்பாடு இது. (கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர், ராமன் திருச்சியில்.)

18 செ.மீ. அகலமும் 230 செ.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கி லென்ஸ் ஒன்றால் சூரிய ஒளியைத் திரட்டினார்கள். 5 செ.மீ. குவியத் தூரமுள்ள இன்னொரு லென்ஸால் அதை மேலும் இறுக்கித் திரவத்துக்குள் செலுத்தினார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் திரவத்துக்குள் ஒளியின் தடம் தெரியும். அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். ஒன்றையொன்று முழுக்க வெட்டும் இரண்டு நிறவடிகட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். முதலாவது ஊதா-நீலத்தை மட்டும் விடும். இரண்டாவது பச்சை-மஞ்சளை மட்டும் விடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் எதுவும் வராது, இருட்டுதான். நீல வடிகட்டியை ஒளி திரவத்துக்குள் நுழையும் முன்பு வைத்தார்கள். பச்சை வடிகட்டியை வெளியே கண்ணுக்கு முன் வைத்தார்கள். நிறம் மாறாவிட்டால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மங்கலான பச்சைத் தடம் தெரிந்தது. உள்ளே போகாத பச்சை உள்ளேயே பிறந்திருக்கிறது!

இங்கேதான் ஒரு பெரிய சந்தேகம் குறுக்கிட்டது. திரவத்தில் ஏதாவது அழுக்கு கலந்திருந்து, அது நீலத்தை உறிஞ்சிப் பச்சையாக ஒளிர்ந்தால்? ராமனின் ஆய்வுக் குழுவில் 1923இலேயே கே.ஆர். ராமநாதன் இந்த மங்கல் ஒளியைப் பார்த்திருந்தார். அப்போது அதை அழுக்கின் ஒளிர்வு என்றுதான் எண்ணினார்கள். அந்தச் சந்தேகத்தை இரண்டு வழிகளில் தீர்த்தார்கள். காற்று நீக்கிய கலத்தில் திரவத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார்கள். அழுக்குதான் காரணம் என்றால் ஒவ்வொரு முறையும் ஒளி குறைந்துகொண்டே போக வேண்டும். அது குறையவே இல்லை. இரண்டாவதாக, சாதாரணத் திரவத்தில் ஒளிர்வால் வரும் ஒளி எல்லாத் தளங்களிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் அதிரும். இந்தப் புது ஒளியோ பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தது. சுமார் 60 திரவங்களில் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் இதே கதை. பிப்ரவரி 28 அன்று நிறமாலைகாட்டி வழியாகப் பார்த்தபோது, உள்ளே போன நிறத்துக்கும் புதிய நிறத்துக்கும் நடுவே ஓர் இருண்ட இடைவெளி தெரிந்தது. இரண்டும் தனித்தனி என்பது அதோடு உறுதியானது.

பிறகு சூரியனுக்குப் பதில் பாதரச விளக்கை வைத்தபோது கூர்மையான கோடுகளே கிடைத்தன. பென்சீனில் 435.8 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தினால் 455.5இல் ஒரு கோடு வரும். இன்றைய 532 நானோமீட்டர் லேசரைச் செலுத்தினால் அதே கோடு 561.6இல் வரும். முன்னதில் நகர்வு 20, பின்னதில் 30. ஆனால் ஆற்றலில் கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவுதான். அந்த ஆற்றல் பென்சீன் மூலக்கூறு ஒரு குறிப்பிட்ட விதத்தில் அதிரத் தேவைப்படுவது. எந்த விளக்கைக் கொண்டு பார்த்தாலும் மாறாத இந்த எண்தான் மூலக்கூறின் கைரேகை. மருந்தில் கலப்படம் பார்ப்பது முதல் ரத்தினக்கல்லைச் சோதிப்பது வரை இன்று பயன்படுவது இதுவே. தேர்வில் ஒரு வரிதான் எழுத முடியும் என்றால் இப்படி எழுதுங்கள்: 'மூலக்கூறுகளால் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறி வருகிறது.'

கேள்வி: வகுப்பில் லேசர் விளக்கை வைத்து ராமன் விளைவைக் காட்ட முடியுமா? இலைச்சாற்றில் நிறம் மாறுவதாக ஒரு காணொளியில் பார்த்தேன். (அறிவியல் ஆசிரியை, கடலூர்)

அது ராமன் விளைவு அல்ல. இலைச்சாற்றில் ஊதா லேசர் பட்டால் சிவப்பாகத் தெரிவது பச்சையத்தின் ஒளிர்வு. மேலே சொன்ன அதே குழப்பம்தான். சோதித்துப் பார்ப்பது எளிது: லேசரின் நிறத்தை மாற்றினாலும் அந்தச் சிவப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ராமன் கோடு அப்படி நிற்காது, விளக்கின் நிறத்தோடு சேர்ந்து நகரும். நல்ல வடிகட்டியும் நிறமாலைமானியும் இல்லாமல் பள்ளியில் ராமன் விளைவைக் காட்ட முடியாது. ஒளிர்வையே ஒளிர்வு என்று சொல்லிக் காட்டுங்கள், அதுவும் அருமையான பாடம்தான். லேசர் குழந்தைகளின் கண் மட்டத்துக்குக் கீழே, சுவரை நோக்கியே இருக்கட்டும்.

கேள்வி: முப்பட்டகம் நிறங்களைக் காட்டும் என்பது நியூட்டனுக்கு முன்பே தெரியும் என்கிறார்கள். அப்படியானால் அவர் செய்தது என்ன? (பத்தாம் வகுப்பு மாணவி, தேனி)

கண்ணாடிதான் வெள்ளை ஒளிக்குச் சாயம் ஏற்றுகிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது இரண்டாவது முப்பட்டகம். முதல் முப்பட்டகத்திலிருந்து விரிந்த நிறங்களில் ஒன்றை மட்டும் பலகைத் துளை வழியே விட்டு, அதை இன்னொரு முப்பட்டகத்தில் செலுத்தினார். கண்ணாடி சாயம் ஏற்றுவது உண்மையானால் சிவப்பு மறுபடி மாற வேண்டும். மாறவில்லை, சிவப்பு சிவப்பாகவே, நீலம் நீலமாகவே வந்தன. நீலம் இரண்டாம் முறையும் சிவப்பைவிட அதிகம் வளைந்தது. 1672இல் வெளியான கட்டுரையில் அளவுகளையும் தந்திருக்கிறார்: ஜன்னல் பலகையில் கால் அங்குலத் துளை, 22 அடி தள்ளிச் சுவர், அதில் விழுந்த நிறமாலை 13¼ அங்குல நீளம், 2⅝ அங்குல அகலம். வட்டத் துளை வழியே வந்த சூரிய ஒளி வட்டமாக விழாமல் ஐந்து மடங்கு நீண்டது ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

வீட்டில் செய்பவர்கள் தவறுவது தூரத்தில். கடையில் கிடைக்கும் 60 டிகிரி கண்ணாடி முப்பட்டகம் சிவப்பையும் ஊதாவையும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரிதான் பிரிக்கும். சுவர் 30 செ.மீ.யில் இருந்தால் 8 மி.மீ. அளவே விரியும். துளை 1 செ.மீ. என்றால் நடுவில் வெள்ளை, ஓரத்தில் மட்டும் நிறம். 'முப்பட்டகம் சரியில்லை' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். அட்டையில் 2 மி.மீ. பிளவு வெட்டுங்கள். சுவரை 3 மீட்டர் தள்ளி வையுங்கள். 8 செ.மீ. நீளத்துக்கு நிறமாலை கிடைக்கும். முப்பட்டகம் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.

கேள்வி: ஐன்ஸ்டைனுக்கு நோபல் பரிசு சார்பியலுக்குத்தானே? (வாசகர், ஈரோடு)

இல்லை. 1921ஆம் ஆண்டுக்கான இயற்பியல் பரிசு, ஒளிமின் விளைவின் விதிக்காக அவருக்குத் தரப்பட்டது. அறிவித்தது 1922இல்.

கேள்வி: மேரி கியூரி டன் கணக்கான தாதுவிலிருந்து ரேடியத்தைப் பிரித்தார் என்று படிக்கிறோம். எப்படிப் பிரித்தார்? எங்கே இருக்கிறது என்றே தெரியாத பொருளை எப்படித் தேட முடியும்? (பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி)

முதலில் ஒரு திருத்தம். கதிரியக்கத்தைக் கண்டவர் அவர் அல்ல. யுரேனியத்தில் அதை 1896இல் கண்டவர் ஹென்றி பெக்கரல். மேரி செய்தது அதை அளந்தது. கதிர்கள் பட்ட காற்றில் மின்சாரம் கொஞ்சம் பாயும். அந்த மிகச் சிறிய மின்னோட்டத்தை, மேரியின் கணவர் பியேரும் பியேரின் அண்ணன் ஜாக்கும் கண்ட குவார்ட்ஸ் படிகத்தின் பண்பைக் கொண்டு அளந்தார். படிகத் தகட்டில் எடையைத் தொங்கவிட்டால் தெரிந்த அளவு மின்னூட்டம் பிறக்கும். அதை வைத்து மின்னோட்டத்தைச் சமன்செய்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது முறை. அந்த அளவீடுகளில் பிட்ச்பிளெண்ட் தாது, அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மீறி வலுவாக இருந்தது.

பிறகு அவர் செய்த சோதனை புத்தகங்களில் அதிகம் வருவதில்லை, எங்களுக்கு அவருடைய வேலையிலேயே மிகவும் பிடித்தது அதுதான். சால்கோலைட் என்ற இன்னொரு யுரேனியத் தாதும் இப்படியே மிகை வலுவோடு இருந்தது. அதே சேர்மத்தைச் சுத்தமான வேதிப்பொருள்களிலிருந்து தாமே ஆய்வகத்தில் தயாரித்தார். சேர்மத்தின் அமைப்பே காரணம் என்றால் செயற்கைப் படிகமும் அதே வலுவைக் காட்ட வேண்டும். அதுவோ யுரேனியத்தைவிட இரண்டரை மடங்கு குறைவாகவே காட்டியது. அப்படியானால் மண்ணிலிருந்து வந்த தாதில் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது. 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று பெயர்கள் அறிவிக்கப்பட்டன.

பிரிக்கும் முறை இது. தாதை வேதிவினைகளால் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மின்னோட்டத்தால் சோதிப்பார். வலு எதில் இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரிப்பார். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு அந்த அளவீடே வழிகாட்டி. ரேடியம் வேதியியலில் பேரியத்தின் தம்பி மாதிரி. பேரியம் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அதனால் கடைசிக் கட்டம் வேதிவினையால் முடியாது, படிகமாக்கலால்தான் முடியும். இரண்டின் குளோரைடுகளையும் காய்ச்சி வடித்த கொதிநீரில் செறிவாகக் கரைத்து, மூடிய கிண்ணத்தில் ஆற விடுவார். ரேடியம் குளோரைடு நீரில் சற்றுக் குறைவாகக் கரைவதால் அடியில் சேரும் படிகத்தில் அது அதிகம் இருக்கும். மேலே நிற்கும் நீரில் உள்ளதைவிடப் படிகம் சுமார் ஐந்து மடங்கு வலு. படிகத்தை மறுபடி கரைப்பார், மறுபடி ஆற விடுவார். ஒரு கிண்ணத்தின் மேல்நீர் அடுத்த கிண்ணத்தின் படிகத்தோடு சேரும். இப்படி ஒரு கிண்ண வரிசையே நடக்கும். பறந்துவரும் கரித்தூளும் இரும்புத் தூசும் விழுந்தால் பல நாள் வேலை பாழ். மழை ஒழுகும் கொட்டகையில் அது அடிக்கடி நடந்திருக்கிறது.

தாதில் ஏறக்குறைய 3 டன் யுரேனியத்துக்கு 1 கிராம் ரேடியம்தான் இருக்கும். 1902இல் அவர் கையில் இருந்தது 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. அதை வைத்து அவர் கணக்கிட்ட அணு எடை 225. இன்றைய மதிப்பு 226.

கேள்வி: பெனிசிலின் தற்செயலாகக் கிடைத்தது என்கிறார்கள். ஜன்னல் திறந்திருந்ததற்கு நோபல் பரிசா? (செவிலியர், சேலம்)

தற்செயல் உண்டு, ஆனால் அது ஜன்னலில் இல்லை. 1928 செப்டம்பர் தொடக்கத்தில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், விடுமுறை முடிந்து வந்த அலெக்சாண்டர் பிளெமிங், ஸ்டெபிலோகாக்கஸ் வளர்த்த தட்டில் பூஞ்சையைச் சுற்றி பாக்டீரியாக்கள் கரைந்திருப்பதைப் பார்த்தார். இதைத் திரும்பச் செய்துபார்த்த பலருக்கும் வரவில்லை. காரணம், பெனிசிலின் வேலை செய்யும் விதம். பாக்டீரியா வளரும்போது செல்சுவர் கட்டுவதைத்தான் அது தடுக்கிறது. ஏற்கெனவே வளர்ந்து நின்றுவிட்ட கூட்டத்தின்மீது பூஞ்சையைப் போட்டால் ஒன்றும் ஆகாது. பூஞ்சை முதலில் வளர வேண்டும், அதற்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி தேவை. பாக்டீரியாவுக்கோ 37 டிகிரிதான் விருப்பம். அந்த ஆண்டு ஜூலை கடைசியில் லண்டனில் ஒன்பது நாள் குளிர் நிலவியது, பிறகு வெயில் வந்தது. வரிசை அப்படிச் சரியாக அமைந்தது என்று பிளெமிங்கோடு வேலை பார்த்த ரொனால்டு ஹேர் பின்னாளில் செய்து காட்டினார். தற்செயல் அந்தக் குளிர்தான்.

ஆனால் பிளெமிங்கால் அதை மருந்தாக்க முடியவில்லை. பிரிக்கப் போனால் கெட்டுவிடும். அதைச் செய்தது ஆக்ஸ்போர்டில் ஹோவர்டு ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோரின் குழு. ஹீட்லியின் யோசனை, வேதியியல் தெரிந்தவர்கள் ரசிக்க வேண்டியது. பெனிசிலின் ஒரு வலுக்குறைந்த அமிலம். நீரை அமிலமாக்கினால் அது மின்னூட்டம் இழந்து ஈதருக்குத் தாவும். அழுக்கில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். பிறகு அந்த ஈதரை, அமிலமில்லாத புது நீரோடு குலுக்கினால் பெனிசிலின் மின்னூட்டம் பெற்று நீருக்குத் திரும்பிவிடும். அமிலத்தில் அது வேகமாகச் சிதைவதால் முதல் கட்டத்தைக் கடுங்குளிரில், விரைவாக முடிக்க வேண்டும். முன்பு முயன்றவர்கள் பலர் தோற்றது இங்கேதான்.

1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்கு உயிர்கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செலுத்தினார்கள். நான்குக்கு மட்டும் பெனிசிலின். மறுநாள் விடியும் முன் மருந்தில்லாத நான்கும் செத்தன. மற்ற நான்கும் உயிரோடு இருந்தன. 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு மருந்து போட்டபோது காய்ச்சல் இறங்கியது, பசி வந்தது. ஆனால் கையிருப்பு தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்து மீண்டும் போட்டும் போதவில்லை. மார்ச் 15 அன்று இறந்தார். நோய்க்கிருமி முழுதாக அழியும் முன் மருந்து நின்றதன் விளைவு அது. 1945இல் நோபல் உரையில் பிளெமிங்கும் இதையொட்டியே எச்சரித்தார்: குறைந்த அளவில் மருந்து எடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். பரிசு பிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் போனது. ஹீட்லிக்குப் பங்கு இல்லை. அது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: எரட்டோஸ்தனிஸ் குச்சி நிழலால் பூமியை அளந்ததை, சென்னையில் உள்ள ஒரு பள்ளியோடு சேர்ந்து செய்ய விரும்புகிறோம். எதில் கவனம் வேண்டும்? (ஆசிரியர், கன்னியாகுமரி)

அவர் செய்தது சுருக்கமாக: எகிப்தின் சயீனில் (இன்றைய அஸ்வான்) கோடை நடுநாளின் உச்சிவேளையில் நிழல் விழாது. அதே நேரம் அலெக்சாந்திரியாவில் சூரியன் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. இடைத்தூரம் 5,000 ஸ்டேடியா (அக்காலக் கிரேக்க நீள அளவு). ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா.

உங்களுக்கு மார்ச் 21 நல்ல நாள். குச்சியைவிட அட்டைத் துளை மேல். சூரியனுக்கே அரை டிகிரி அகலம் இருப்பதால் 1 மீட்டர் குச்சியின் நிழல்முனை 1 செ.மீ. அளவுக்குக் கலங்கித் தெரியும். குச்சியை உயர்த்தினாலும் கலக்கமும் சேர்ந்தே வளரும், பயனில்லை. ஸ்டாண்டில் ஓர் அட்டையைத் தரையிலிருந்து சரியாக 100 செ.மீ. உயரத்தில் பொருத்தி 3 மி.மீ. துளை இடுங்கள். துளையிலிருந்து குண்டுநூல் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தைத் தரையில் குறியுங்கள். தரையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். துளை வழியே விழும் ஒளிவட்டத்தின் மையம்தான் உங்கள் நிழல்முனை.

கடிகாரத்தின் 12 மணி உச்சிவேளை அல்ல. அன்று சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.16க்கு, உங்கள் ஊரில் 12.27க்கு. அதற்கு இருபது நிமிடம் முன்பிருந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிவட்டத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மிகக் குறுகிய தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் சுமார் 23 செ.மீ., உங்களுக்கு 14 செ.மீ. வரும். 0.23க்கும் 0.14க்கும் உரிய டேன் கோணங்கள் 12.95, 7.97 டிகிரி, வித்தியாசம் 4.98.

அடுத்த பிழை தூரத்தில். சாலைத் தூரமான 700 கி.மீ.யைப் போட்டால் பரிதி 50,000ஐத் தாண்டிவிடும். வேண்டியது வடக்கு-தெற்குத் தூரம் மட்டும்: வரைபடத்தில் இரண்டு ஊர்களின் வழியாகவும் கிழக்கு-மேற்காகக் கோடு போட்டு, கோடுகளுக்கு இடையே அளந்தால் ஏறக்குறைய 553 கி.மீ. அதைப் போட்டால் 40,000க்கு மிக அருகில் வரும். ஒரு பள்ளி 1 செ.மீ. தவறாக அளந்து 24 என்று எழுதினால் விடை 36,000க்கு இறங்கிவிடும் என்பதையும் மாணவர்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மாணவர் எழுந்து, 'தரை தட்டையாக இருந்து சூரியன் பக்கத்தில் இருந்தாலும் இப்படி இரண்டு நிழல் வருமே?' என்று கேட்கலாம். சரியான கேள்வி, இரண்டு ஊர்களால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. டெல்லியில் ஒரு பள்ளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து அதன் வடக்கு-தெற்குத் தூரம் சுமார் 2,270 கி.மீ. தட்டைத் தரை என்று கொண்டால், உங்கள் இரண்டு நிழல்களிலிருந்து சூரியனின் உயரம் 6,100 கி.மீ. என்று வரும், அதன்படி டெல்லியில் நிழல் 51 செ.மீ. இருக்க வேண்டும். உருண்டை என்றால் சுமார் 54 செ.மீ. மூன்று பள்ளிகளும் 2 மி.மீ. துல்லியத்தோடு அளந்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். டெல்லியில் அன்று உச்சிவேளை ஏறக்குறைய 12.28.